வெறுங்கை

அடிப்பதற்கு முன்னால் வெற்றிவேல் கை வாட்ச்சைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைப்பான். கல்யாணமான புதிதில் தீபலட்சுமி வாங்கிக் கொடுத்த வாட்ச் அது. பெண்டாட்டி முதுகில் பட்டு அதன் கண்ணாடி கீறிவிடக் கூடாதாம். என்ன கரிசனம்! ஃப்ரிட்ஜ் மேல் ‘டக்’கென்று சத்தம் கேட்டதும் அவர்களுடைய மூன்று வயது மகள் அமுது, கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவாகக் கற்றுக்கொண்டது.

எனக்கு இவனைப் பிடிக்காது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வைத்திக்குப்பத்தில் எங்கள் சந்து, எதிரே ஒரு சைக்கிள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்தால் எதிரே அவர்கள் வீடுதான். குழம்பு தாளிப்பது முதல் குழந்தைக்கு விக்கல் எடுப்பது வரை எல்லாம் கேட்கும். அடிக்கிற சத்தம் கேட்டால் சந்தில் டிவி சத்தம் கூடும். எங்கள் ஊர் மரியாதை அப்படி.

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவளைப் படிக்க வைத்ததும் அவன்தான். தீபலட்சுமி மூலக்குளம் தாண்டி ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். நெல்லித்தோப்பில் மெடிக்கல் ஷாப்பில் வேலைக்கு இருந்தாள். கையில் கெளுத்தி முள் குத்தி மருந்து வாங்கப் போன இவன், புண் ஆறின பிறகும் மருந்து வாங்கிக்கொண்டே இருந்தான். மீன்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் அப்பா அன்றைக்கே தலை முழுகிவிட்டார். ‘நர்சுக்குப் படிக்க வைக்கிறேன்’ என்று சொல்லித்தான் இவன் தாலி கட்டினான். முதல் வருஷம் முழுக்க, கடலில் இருந்து வந்த ஈர லுங்கியை மாற்றக்கூட நேரமில்லாமல் பைக்கில் காலேஜுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறான். பின்னால் உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அவள் பாடம் படித்துக்கொண்டே போவதைப் பார்த்து நானே கண் பட்டுவிடுமோ என்று பயந்திருக்கிறேன்.

கடைசி வருஷத்தில் அவளைக் கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குப் போட்டார்கள். அதுவும் ஆம்பளை வார்டு. அங்கேதான் பிடித்தது சனி. இரண்டாவது பிள்ளையும் அப்போதுதான் வயிற்றில் தங்கியது.

“ஆம்பளைக்கு மூத்திர டியூபு வைக்கிறியாமே?” என்று ஒரு நாள் கேட்டான்.

“வைக்கச் சொன்னா வைக்கணும் மாமா. நோயில கெடக்கறவங்கள்ல ஆம்பள என்னா, பொம்பள என்னா?”

“இத்த எங்கிட்ட சொல்ற. கடல்ல போட்டுல எவன் எவன் என்னா பேசறான் தெரியுமா உனுக்கு? ‘ஒம் பொண்டாட்டி இன்னிக்கி எத்தினி பேரு லுங்கிய அவுத்தா’ன்னு கேக்கறானுங்க.”

“அவனுங்களுக்கு உடம்புக்கு வந்தா எங்கிட்டதான வருவானுங்க. அப்ப கேளு.”

டக்.

அன்றைக்கு விழுந்த அடியில் அவள் வாய் கிழிந்தது. மறுநாள் மாஸ்க் போட்டுக்கொண்டு போனாள். இனிமேல் லீவு எடுத்தால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். காய்ச்சலில் போனாள், வாந்தி எடுத்துக்கொண்டு போனாள், அடி வாங்கிக்கொண்டு போனாள். வயிறு ஏற ஏற அவள் யூனிஃபார்மைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

ஏழாம் மாதம், ஐப்பசியில், மாமியார் செல்வாம்பாள் வளைகாப்பு வைத்தாள். செல்வாம்பாள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். வாயைத் திறந்தால் எதிர்க்கடைக்காரி தராசை விட்டுவிட்டு ஓடுவாள். ஆனால் பெண் வீட்டார் வராத குறை தெரியக் கூடாது என்று, தன் கைக்காசில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று சந்துக்கே போட்டாள். விதவை என்பதால் தான் மட்டும் மருமகள் கையைத் தொடாமல் சோறு கிளறின குசினி வாசலிலேயே நின்றுகொண்டாள். அவள் புருஷன் கடலில் போய்த் திரும்பாதவர். உடம்பு கிடைக்கவில்லை. கரையில் வைத்துத்தான் அவள் வளையலை உடைத்தார்கள்.

எங்கள் குப்பத்து வழக்கம் இது. வளைகாப்பு வளையல் ஏறினால் பிள்ளை பிறக்கும்வரை இறங்கக் கூடாது. அதுவும் புருஷன் கடலில் இருக்கும்போது பெண்டாட்டி கை வெறுங்கையாக இருந்தால், இருக்கிறவனை இல்லாதவன் என்று சொன்ன மாதிரி.

ஆஸ்பத்திரி வழக்கம் வேறு. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது.

தீபலட்சுமி இரண்டு வழக்கத்துக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுக்கு ரெண்டு ஆறு அளவு வளையல். வளையல்காரரிடம், “கை வீங்கும்னு சொல்றாங்கண்ணே, ஒரு சுத்து பெருசா ரெண்டு எட்டே குடுங்க” என்று கேட்டு வாங்கினாள். காலையில் ஆஸ்பத்திரி பாத்ரூமில் சோப்புத் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாய் இறக்கி டிபன் டப்பாவில் போடுவாள். வேலை முடிந்ததும் அதே சோப்பு, அதே பாத்ரூம், அத்தனையும் ஏறிவிடும். என்னிடம் மட்டும் சொன்னாள்.

“மாட்டினா என்னாடி பண்ணுவ?” என்று கேட்டேன்.

“மாட்ட மாட்டேன்க்கா. நம்ம குப்பத்துல யாரு ஆம்பள வார்டுக்கு வரப்போறா?”

வந்தாள் ஒருத்தி. வெற்றிவேல் போகிற ஃபைபர் போட்டு அவன் சித்தப்பா கமலக்கண்ணனுடையது. சித்தப்பா பெண்டாட்டி நிர்மலாதேவி. அவள் தம்பிக்குக் குடல்வால் ஆபரேஷன். பிளாஸ்க்கில் கஞ்சியை எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்கப் போனாள். அங்கே தீபலட்சுமி ஒரு கிழவருக்குக் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு கையும் மொட்டை.

“அடிப்பாவி! கடலுக்குப் போன புருசன் இன்னும் கர ஏறல, கைய மூளியா வச்சினு நிக்கிறியேடி!”

அது மட்டுமா? பிளாஸ்க்கைத் தூக்கி அடித்திருக்கிறாள். கஞ்சி சிதறிக் கிழவரின் கட்டிலெல்லாம். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதப் போனவளை வாட்ச்மேன்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். இதையெல்லாம் நிர்மலாதேவியே பிறகு பெருமையாய்ச் சொன்னாள். தீபலட்சுமி முடியை அள்ளி முடிந்துகொண்டு, கிழவரின் போர்வையை மாற்றிவிட்டு, திரும்பவும் முதலில் இருந்து நாடி பார்த்தாளாம். “என்னா நெஞ்சழுத்தம் பாரு” என்றாள் நிர்மலாதேவி.

ஆஸ்பத்திரியில் இருந்து ஆட்டோ பிடித்து நிர்மலாதேவி நேரே கரைக்கு வந்தாள். வந்த நேரமா, விதியா, தெரியவில்லை. அன்றைக்குக் கடலில் சுருக்குமடி வலைக்காரர்களோடு தகராறு. அவர்கள் போட்டு இவர்கள் வலை மேல் ஏறி அறுத்துவிட்டது. தட்டிக்கேட்ட வெற்றிவேலின் நெற்றியில் துடுப்பால் ஒரு போடு. போட்டைக் கரையில் இழுத்துப் போடும்போது அவன் தலையில் துண்டு கட்டியிருந்தான், துண்டு முழுக்க ரத்தம். அவனைப் பார்த்ததும் நிர்மலாதேவி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அங்கே வெறுங்கை, இங்கே ரத்தம். குப்பத்துக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் நானும் அதை நம்பினேன்.

பொழுது சாய்ந்து அவன் வீட்டுக்கு வந்தபோது தீபலட்சுமி வேலை முடிந்து வந்து குழந்தைக்குக் கவளை மீன் குழம்பில் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். முள் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு ஊட்டினாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

“ஐயோ, தலையில என்னா மாமா? காட்டு, தையல் போடணும்போல...”

அவன் வாட்ச்சைக் கழற்றினான். அவ்வளவு ரத்தத்திலும் அதை மறக்கவில்லை. டக். வாய்ச் சோற்றை விழுங்காமலே அமுது கட்டிலுக்கு அடியில் போனது.

“கைய காட்டு.”

காட்டினாள். வளையல் இருந்தது.

“இப்ப இருக்குது. காலையில எங்க இருந்திச்சி?”

“டிபன் டப்பாவுல.” பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் அது.

“நான் கடல்ல இருக்கறப்ப?”

“வார்டுல போடக் கூடாது மாமா. வளையல்ல கிருமி ஒட்டினு போயி இன்னொருத்தர் புண்ணுல ஏறிடும். சாமி சத்தியமா நான் வேற ஒண்ணும்...”

“எவனோ ஒருத்தன் புண்ணு பெருசு. நான் செத்தா பரவால்ல!”

“படிக்க வைக்கிறேன்னு நீதான மாமா சொன்ன?”

முதல் அறை விழுந்ததும் சோற்றுத் தட்டு பறந்தது. அவள் வழக்கம்போல வயிற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு முதுகைக் கொடுத்தாள். முதுகில் குத்தினான். இடுப்பில் உதைத்தான். மார்க்கெட்டில் இருந்து அப்போதுதான் வந்த செல்வாம்பாள், தலையில் இருந்த மீன் அன்னக்கூடையை இறக்காமலே வாசலில் நின்று கத்தினாள்.

“போடு நாலு! எம்புருசன கடல் தின்னுச்சி. இவ படிப்புக்கு புள்ளையையும் குடுக்கணுமா நானு? போடுறா!”

அவன் தீபலட்சுமியின் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்து நிலைக்கட்டையில் ஓங்கி ஓங்கி அடித்தான். படார் படாரென்று கண்ணாடி நொறுங்கியது. தீபலட்சுமி அலறியதை நான் கேட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய அலறல் செல்வாம்பாளுடையது.

“டேய், வளையல ஒடைச்சிட்டியேடா! பாவி, ஒன் கையாலயே ஒடைச்சிட்டியேடா!”

கேட்டுக்கொள்ளுங்கள். பெண் உடைந்தது கிழவிக்குத் தெரியவில்லை, வளையல் உடைந்தது தெரிந்தது. தலையில் இருந்த அன்னக்கூடையைத் தூக்கி மகனின் அடிபட்ட மண்டை மேலேயே போட்டாள். அவன் மடிந்து உட்கார்ந்தான். மேலே மேலே அடித்தாள். மிச்ச மீன்கள் வீடெல்லாம் சிதறின.

அப்போதுதான் நான் மெஷினை விட்டு எழுந்து போனேன். சோற்றுப் பருக்கைக்கு நடுவே பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடித் துண்டுகள். தீபலட்சுமி இரண்டு கையிலும் ரத்தம் ஒழுக, ஒரு உள்ளங்கையை வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வேண்டாத தெய்வம் இல்லை.

“அசையுதுக்கா” என்றாள் கடைசியில். பிறகுதான் அழுதாள். “தையல் டப்பாவுல இடுக்கி இருக்குமில்ல? சுடுதண்ணியில போட்டு எடுத்துனு வா.”

சின்னத் துண்டுகளை அவளே எடுத்தாள். இடது மணிக்கட்டில் ஆழமாய் இறங்கியிருந்ததற்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டு வந்தோம். திரும்பும்போது ஷேர் டெம்போவில் கேட்டேன், “போலீசுக்குப் போலாமாடி?”

“ஆஸ்பத்திரியில யாரு அடிச்சதுன்னு கேட்டாங்க, புருசன்தான்னு சொல்லிட்டேன். பரீட்சை முடியட்டும்க்கா. ஸ்டேஷனுக்கும் வார்டுக்கும் ரெண்டு பக்கமும் அலையறதுக்கு எனுக்குக் காலு இல்ல.”

மறுநாள் விடியற்காலையில் வெற்றிவேல் தலைக்கட்டோடு கரைக்குப் போனான். போட்டைத் தள்ளக் கை வைத்ததும் கமலக்கண்ணன் சொன்னார், “கைய எட்றா.”

“தலையில சின்ன காயம்தான் சித்தப்பா. வேல செய்வேன்.”

“தலைய எவன்டா கேட்டான்? வளைகாப்பு வளையல ஒடைச்ச கைய எடுன்றேன். எம்போட்டுல நாலு பேரு போறோம்டா, நாலு தாலி. ஒன்ன ஏத்தினு போயி நாலயும் அறுக்கணுமா?”

“அவ கழட்டனா, அது தப்பில்ல. நான் ஒடைச்சா தப்பா?”

“அவ கழட்டி திரும்ப போட்டா. நீ ஒடைச்சத ஒட்ட வச்சி போடு பாப்பம்!”

வெற்றிவேல் சித்தப்பாவின் பனியனைப் பிடித்தான். அவ்வளவுதான். கூடப் போகிற இரண்டு பேரும் அவனைத் தூக்கி அலையில் போட்டு மிதித்தார்கள். உப்புத் தண்ணீர் தலைக்காயத்தில் ஏறி அவன் கத்தியதை, மீன் எடுக்க வந்த பெண்களெல்லாம் பார்த்தார்கள், அவன் அம்மா உட்பட. மற்றப் போட்டுக்காரர்களிடமும் போய்க் கேட்டான். மறுபடி வளையல் ஏறட்டும், அப்புறம் வா என்றார்கள் எல்லோரும், ஒரே வாயாக.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு சுமங்கலிகளைச் செல்வாம்பாள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். நானும் ஒருத்தி. நிர்மலாதேவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். தட்டில் மஞ்சள், சந்தனம், புது வளையல். எடுத்துப் பார்த்தேன். ரெண்டு ஆறு. செல்வாம்பாள் இந்தத் தடவை விவரமாக வாங்கியிருந்தாள். வீங்கின கையில் ஏற்றினால் உடைத்துத்தான் இறக்க வேண்டும். தீபலட்சுமி அத்தோடு வார்டை மறக்க வேண்டியதுதான்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்து யூனிஃபார்மோடு வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பலகையில் உட்கார்ந்தாள்.

“கைய நீட்டும்மா” என்றாள் நிர்மலாதேவி, தேன் ஒழுக.

தீபலட்சுமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“மாட்டேன் சின்னத்த.”

“என்னாடி மாட்டேன்? வெளயாட்டா?”

“பரீட்சை முடியற வரைக்கும் இந்தக் கை வெறுங்கைதான்.”

“அது வரைக்கும் ஒம்புருசன் கடலுக்குப் போவ வேணாமா?”

“போவணும்னா எங்கையி வேணும், இல்ல?” என்றாள். “இத்தினி நாளா இது எனுக்குத் தெரியல சின்னத்த. அடிக்கிற கையிதான் பெருசுன்னு நெனச்சினு இருந்தேன். நீங்கதான் எல்லாரும் சேந்து தெரிய வச்சீங்க.”

“அப்ப சோத்துக்கு என்னாடி பண்றது?” என்று குசினி வாசலில் இருந்து செல்வாம்பாள் கத்தினாள்.

“ஒன் அன்னக்கூடை இருக்குதே அத்த, மாமா தூக்கட்டும். காலையில அமுதையும் பாத்துக்கட்டும். எனுக்கு நேரமே பத்தல.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். மூலையில் நின்ற வெற்றிவேலுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கை தானாகப் போயிற்று. வாட்ச்சைக் கழற்றினான்.

டக்.

என் மடியில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டிருந்த அமுது, இறங்கி, அத்தனை பெண்களின் முழங்காலையும் தாண்டி, கட்டிலுக்கு அடியில் போனது.

“கொழந்த ஏன்டி அங்க போவுது?” என்றாள் நிர்மலாதேவி.

எல்லோரும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள்.

“வாட்ச்சு சத்தம் கேட்டுச்சில்ல சின்னத்த,” என்றாள் தீபலட்சுமி. “அடி விழப்போவுதுன்னு போவுது.”

நிர்மலாதேவி ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். கையில் இருந்த வளையலைத் தட்டில் வைத்துவிட்டாள். வெற்றிவேல் ஓங்கிய கையோடு பெண்டாட்டி முன்னால் போய் நின்றான். அவள் இந்தத் தடவை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. கட்டுப்போட்ட கைகளை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

“அடி மாமா. அடிச்சின்னா, பரீட்சை முடிஞ்சப்புறமும் கைய நீட்ட மாட்டேன். எப்பவும் நீட்ட மாட்டேன்.”

செல்வாம்பாள் வந்தாள். வந்த வேகத்தில் மகனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த வாட்ச்சை எடுத்து அம்மியில் வைத்துக் குழவியைத் தூக்கிப் போட்டாள். கண்ணாடி தெறித்தது. முள், சக்கரம் எல்லாம் பொடியாகும்வரை போட்டுக்கொண்டே இருந்தாள்.

“இன்னொரு தடவ அவ மேல கைய வச்ச, ஒன் கையிக்கும் இதே குழவிதான்டா! அவ கைய நீட்டலன்னா கரையிலயே கெடந்து நாறிப்பூடுவ. எரும! இது கூடவா தெரியல?”

மருமகள் மேல் இரக்கப்பட்டு உடைத்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகன் பிழைப்புக்காக உடைத்தாள். எதற்காக உடைத்தால் என்ன? எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். தட்டில் வளையல் அப்படியே கிடந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தீபலட்சுமி யூனிஃபார்ம் போட்டு, டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். டப்பாவில் அன்றைக்குச் சோறு மட்டும்தான். செல்வாம்பாள் மார்க்கெட்டுக்குப் போயாகிவிட்டது. உள்ளே வெற்றிவேல் ஒரு டம்ளரில் பால் ஆற்றிக்கொண்டு, பன்னைப் பிய்த்து வைத்துக்கொண்டு, குழந்தை எழுந்திருக்கக் காத்திருந்தான். முகம் உப்பிப் போயிருந்தது. பாவமாக இருந்தது என்றுகூடச் சொல்வேன், எனக்கென்ன போகிறது.

அமுது எழுந்தது. கண்ணைக் கசக்கியது. அப்பா நீட்டின டம்ளரைப் பார்த்தது. பிறகு கையைப் பார்த்தது. வெயிலில் கறுத்த கையில் வாட்ச் இருந்த இடம் மட்டும் வெளுத்துப் பட்டையாய் இருந்தது.

திரும்பிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

“இல்ல கண்ணு. அப்பா அடிக்கல. யாரையும் அடிக்கல. வா, பால் குடி.”

அவன் டம்ளரை வைத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினான். அது சுவரோரம் இன்னும் நகர்ந்துகொண்டது.

“வாச்சு கட்டிக்கப்பா,” என்றது குழந்தை. “வாச்சு கட்டினு வா. அப்ப வரேன்.”

ஒரு காலில் செருப்போடு தீபலட்சுமி வாசலில் நின்றாள். அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். சந்து முனையில் டெம்போ ஹாரன் அடித்தது.

“அது வர்ற வரைக்கும் கூப்புடு மாமா. எனுக்கு நேரமாச்சி” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

நான் ஒரு ஜாக்கெட்டை வெட்டித் தைத்து, கொக்கியும் வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பால் ஆடை கட்டிப்போயிருந்தது. அவன் இன்னும் தரையில் படுத்தபடியே அந்த வெறுங்கையை நீட்டிக்கொண்டிருந்தான்.